ஏணிக் கட்சிக்கு ஆறு சான்றுகள்

தம்பி என் மேசைமேல் போட்ட தாளில் ஒரே ஒரு வரிக்கு மஞ்சள் மை பூசியிருந்தார்கள். "கொள்கை: தீவிர வலதுசாரி." வரியின் முடிவில் ஒன்றிலிருந்து ஆறு வரை பொடிப்பொடியாக எண்கள், எண்ணுக்கு ஒரு சான்று. இணையக் கலைக்களஞ்சியத்தில் ஏணிக் கட்சிக்கு இருக்கும் பக்கம் அது. அவன் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் நிர்வாகம் அதை அச்செடுத்து விசாரணைக் கடிதத்தோடு சேர்த்து அனுப்பியிருந்தது. ஏணி அவர்களுடைய சின்னம். நகராட்சியில் நாலு உறுப்பினர்கள், மழை வந்தால் ஒழுகும் ஒரு வாடகை அலுவலகம், அவ்வளவுதான் கட்சி. அதில் என் தம்பி வட்டச் செயலாளர். பள்ளிக்கூடத்தில் பதினோரு வருடமாக இயற்பியல் வாத்தியார்.

"வெள்ளிக்கிழமை விசாரணை. தீவிரவாதக் கட்சில இருக்கிறவன் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தலாமான்னு கேக்கப் போறாங்களாம். வேலை போயிடும்க்கா." உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "அந்த ஒரு வார்த்தைய எடுத்துடு. நீதான அங்க பெரிய ஆளு?"

பெரிய ஆள்தான். பகலில் நூலகத்தில் பழைய நாளிதழ்களைத் தேதிவாரியாகக் கட்டி அடுக்குகிற வேலை எனக்கு. சாயங்காலமானால் கலைக்களஞ்சியத்தில் சம்பளமில்லாத சரிபார்ப்பாளர். பன்னிரண்டு வருடமாக அங்கே எனக்குச் சான்றம்மா என்று பெயர். ஒரு பாடகரின் பிறந்த ஊரைச் சான்றில்லாமல் மாற்றிய ஆளோடு மூன்று வாரம் மல்லுக்கு நின்றவள் நான். கடைசியில் அவர்தான் அந்தப் பாடகரின் மருமகன் என்று தெரிந்தது. அப்போதும் விடவில்லை.

"ஆறு சான்று இருக்குடா. நான் எடுத்தா அரை மணி நேரத்துல இன்னொருத்தர் திரும்பப் போட்டுடுவாரு."

"எங்க வலைத்தளத்துல நடுநிலைன்னு போட்டிருக்கோம். அதப் போடு."

"எல்லாக் கட்சியும் தன்னப் பத்தி நல்லாத்தான் சொல்லிக்கும். அது சான்று ஆகாது."

"உனக்குத் தம்பிய விடச் சான்றுதான் முக்கியம்," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் படியிறங்கிப் போனான்.

அவன் போன பிறகு அந்தப் பக்கத்தின் வரலாற்றைத் திறந்தேன். யார் எந்தச் சொல்லை எப்போது சேர்த்தார்கள் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். தீவிர வலதுசாரி என்று முதலில் எழுதியது யார் என்று பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஏழு வருடத்துக்கு முன் இந்தக் கட்சியால்தான் எங்கள் வீட்டில் பெரிய சண்டை நடந்தது. அப்பா கத்தினார், நான் அவரைவிட அதிகமாகக் கத்தினேன், தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினான். மறுநாள் மதிய இடைவேளையில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே, ஏணிக் கட்சிக்கு ஒரு பக்கம் தொடங்கி அந்தச் சொல்லைப் போட்டேன். சான்று கிடையாது, கோபம் இருந்தது. அவன் இரண்டு வருடம் கழித்து வீட்டுக்குத் திரும்பி வந்தான், எல்லாரும் சமாதானம் ஆனோம். சொல் மட்டும் அங்கேயே இருந்தது. மறந்துவிட்டேன் என்றால் பொய். மென்று முழுங்கிவிட்டேன்.

மறுநாள் நூலகத்தில் அந்த ஆறு நாளிதழ்களையும் அடுக்கிலிருந்து இறக்கினேன். முதல் மூன்றும் ஒரே செய்தி நிறுவனம் அனுப்பிய ஒரே செய்தி. தலைப்பை மட்டும் மாற்றியிருந்தார்கள். நாலாவதும் ஐந்தாவதும் எதிர்க்கட்சிப் பேச்சாளர் ஒருவர் எழுதிய கட்டுரைகள். அவர் ஏணிக் கட்சியைப் பாராட்டி எழுதினால்தான் ஆச்சரியம். ஆறாவது ஒரு பெரிய நாளிதழின் தேர்தல் இணைப்பு, பார்த்தால் கைகூப்பத் தோன்றும் நாளிதழ். ஆறும் நான் எழுதிய பிறகு வந்தவை. ஆறிலும் கட்சி தொடங்கிய வருடம் ஒன்று குறைவாக இருந்தது.

அந்தத் தப்பான வருடம் என்னுடையது. தம்பி முதன்முதலில் ஏணிப் படம் போட்ட துண்டறிக்கையை வீட்டுக்குக் கொண்டுவந்த வருடத்தைத்தான் கட்சி பிறந்த வருடம் என்று எழுதியிருந்தேன். அப்போது அது வெறும் வாடகைதாரர் சங்கம். கட்சியாகப் பதிவானது அடுத்த வருடம். அந்த வருடம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது, என் பக்கத்தில்தான் உண்டு. நான் வாய்க்கு வந்தபடி எழுதியதை ஆறு பேர் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த ஆறையும் யாரோ நல்ல மனிதர் தேடிப்பிடித்து எனக்கே சான்றாகக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்.

கட்டுரையில் எது இருக்கலாம் என்று நாங்கள் விவாதிக்கும் உரையாடல் பக்கத்தில் அன்றைக்கே எழுதினேன். "இந்தச் சொல்லைச் சான்றில்லாமல் சேர்த்தவள் நான். ஆறு சான்றுகளும் என்னிடமிருந்து எடுத்தவை, வருடத்தைப் பாருங்கள். என் தம்பி இந்தக் கட்சியில் இருக்கிறான், ஆகவே நான் பக்கத்தைத் தொட மாட்டேன். மற்றவர்கள் முடிவு செய்யவும்."

பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. மூக்குக்கண்ணாடி என்ற பெயரில் எழுதுகிறவர், ஓய்வுபெற்ற நில அளவையாளர், எங்களில் மூத்தவர்.

"ஏம்மா இந்த வேண்டாத வேலை? கமுக்கமா அந்த வரிய எடுத்துட்டுப் பேசாம இருந்திருக்கலாமே. உங்க பேரு கெட்டுப்போயிடும்."

"கமுக்கமாப் போட்டதுதான் சார் இவ்வளவு தூரம் வந்து நிக்குது."

"சரி, எடுத்துட்டு அங்க என்னத்தப் போடுறது?"

அதற்கும் பதில் வைத்திருந்தேன். பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் சின்னக் கட்சிகளைப் பற்றி எழுதிய புத்தகம், எங்கள் நூலகத்தில் இதுவரை இரண்டே பேர் எடுத்துப் போனது. அந்த அம்மாள் நாலு வருடம் ஏணிக் கட்சியின் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து, தீர்மானப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படித்து, பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். தீவிர வலதுசாரி என்று சொல்ல ஆதாரம் இல்லை என்கிறார். வாடகைதாரர் உரிமைக்காகத் தொடங்கிய உள்ளூர்க் கட்சி என்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு நகராட்சி வீடு ஒதுக்கக் கூடாது என்று கட்சி பெரும்பான்மையோடு தீர்மானம் போட்டதையும், அதன்பின் குடிவந்தவர்களை எதிர்க்கும் பக்கமே சாய்ந்துவிட்டதையும் தேதியோடு எழுதியிருக்கிறார். முதல் பாதியை மட்டும் அனுப்பலாமா என்று ஒரு நிமிடம் சபலம் தட்டியது. பன்னிரண்டு பக்கத்தையும் மூக்குக்கண்ணாடிக்கு அனுப்பினேன்.

வியாழக்கிழமை மூக்குக்கண்ணாடி பக்கத்தைத் திருத்தினார். என் சரிபார்ப்பாளர் பொறுப்பை ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். நியாயம்தான். நானாக இருந்தால் ஒரு வருடம் நிறுத்தியிருப்பேன்.

தம்பியிடம் புதுத் தாளைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவன் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியவில்லை.

"நீயாக்கா எழுதின?"

"நான்தான். நாளைக்கு உன்கூட வந்து அவங்க முன்னாடியே சொல்றேன்."

அவன் தாளைப் படித்தான். முகம் மாறியது. "குடிவந்தவங்களுக்கு வீடு தரக் கூடாதுன்னாங்கன்னு இருக்கே. இது மட்டும் நல்லாவா இருக்கு?"

"நல்லா இல்ல. நடந்துதா, இல்லையா?"

அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை அறையில் எங்களுக்கு இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் எழுதியதையும், ஏன் எழுதினேன் என்பதையும், ஆறு நாளிதழ்களையும் தப்பான வருடத்தையும் பூசி மெழுகாமல் சொன்னேன். தலைமையாசிரியை பழைய தாளை எடுத்து நாலாக மடித்து ஓரமாக வைத்தார்.

"அப்ப இதுக்கு ஆதாரம் இல்ல. சரி, இத விட்டுடுவோம்," என்றார். தம்பி பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அவர் புதுத் தாளைக் கையில் எடுத்தார். "இந்தப் பக்கத்த நம்பலாமாம்மா?"

"நம்பலாம் மேடம். சரிபார்த்தது."

அவர் நிதானமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "சார், உங்க வகுப்புல பாதிப் பிள்ளைங்க புதுசாக் குடிவந்த வீட்டுப் பிள்ளைங்க. இந்தத் தீர்மானம் போட்ட அன்னைக்கு நீங்க கூட்டத்துல இருந்தீங்களா?"

"இருந்தேன் மேடம்."

"எந்தப் பக்கம் கை தூக்குனீங்க?"

தீவிர வலதுசாரி என்ற சொல்லுக்கு எதிராக அவன் ஒரு வாரமாக நூறு பதில் தயாரித்து வைத்திருந்தான். இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்த்திருக்கவில்லை. அவன் எந்தப் பக்கம் கை தூக்கினான் என்று எனக்கும் தெரியாது, ஒருநாளும் கேட்டதில்லை. சன்னலுக்கு வெளியே இடைவேளை மணி அடித்துக் குழாயடியில் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். அவன் வகுப்பு மாணவி ஒருத்தி அவனைக் கண்டுவிட்டு, நிரம்பி வழியும் புட்டியை ஒரு கையில் பிடித்தபடி, மற்றொரு கையை உயர்த்தி ஆட்டினாள். தம்பியின் வலது கை மேசைமேல் இருந்தது, விரல் இடுக்கில் சுண்ணக்கட்டித் தூளோடு. அது அசையவில்லை.