ரூல்தடிக்கு அடியில் வெளிச்சம்

செஞ்சிக் கடைத்தெருவில் ரேஷன் டிப்போ திறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அரிசி அளந்து போடும் குமாஸ்தா காஸ்பருக்குத் தற்காலிக வேலை. சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால் நிரந்தரமாகும். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஒன்று மட்டும் அவருக்குப் புரியவில்லை. யாருக்கும் குறைக்காமல் அளந்தும் தினமும் சாயங்காலம் நாலு படி அரிசி மிஞ்சியது.

"மாதாவா பார்த்துக் குடுக்கறாங்க சார், வூட்டுக்கு எடுத்துகினு போங்க" என்றான் மூட்டை தூக்கும் வீராசாமி.

காஸ்பர் எடுக்கவில்லை. தனிச் சாக்கில் கொட்டிக் கட்டி வைத்தார். எடுக்காமல் இருந்ததாலேயே தன்னைப் பெரிய யோக்கியன் என்றும் நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் மூட்டைக் கொக்கி அவருடைய வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. மஞ்சள் பற்றுப் போட்டுத் துணி சுற்றிய கையால், படிமேல் குவிந்த அரிசியை வழக்கம்போல் வழித்துவிட முடியுமா? மேஜைமேல் கோடு போடும் ரூல்தடி கிடந்தது. அன்று முழுக்க அதைக்கொண்டு வழித்துப் போட்டார். சாயங்காலம் ஒரு பிடிகூட மிஞ்சவில்லை.

"எவனோ அடிச்சிகினு பூட்டான் சார்!" என்று பதறினான் வீராசாமி.

காஸ்பர் தச்சர் வீட்டுப் பிள்ளை. எதையும் கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் அவருக்கு மனம் ஆறும். ஒரு படியை நிரப்பி, இடது கையால் வழித்தார். படியின் வாய்மேல் ரூல்தடியைக் குறுக்கே வைத்து, குனிந்து விளிம்போடு பார்த்தார். தடிக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது!

தடி நேரானது, விளிம்போடு போய் விளிம்போடு நிற்கும். கை அப்படியல்ல. அதற்குச் சதை உண்டு, மேடு உண்டு. போகிற போக்கில் நடுவே அழுந்தி, ஒரு குழி பறித்து, அரைப் பிடி அரிசியைச் சேர்த்துத் தள்ளிவிடும். இருநூறு படி அளந்தால் நாலு படி மிச்சம்.

"திருடன் வெளிய இல்ல, வீராசாமி." கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "இதான்."

"வேணும்னேவா செஞ்சீங்க? நாளையிலேருந்து தடியாலயே வழிங்க. சனிக்கிழம வரிக்கும் வாயத் தொறக்காதீங்க. வேல பூடும் சார்."

யோசனை நல்லதாகத்தான் பட்டது. வீடு போய்ச் சேரும் மட்டும் காஸ்பர் அதையே நினைத்துக்கொண்டு நடந்தார். நாளை முதல் சரியாக அளந்துவிடலாம். ஆனால் மூன்று வாரமாக அடுப்பில் ஏறாமல் போன அரிசி இன்னும் அந்தச் சாக்கில்தானே இருக்கிறது?

வியாழக்கிழமை வரிசை சேர்ந்ததும் அவரே எல்லாவற்றையும் சொன்னார். சொன்னதோடு விடவில்லை. படியைக் கையால் வழித்து, தடியை வைத்து, ஒவ்வொருவரையும் குனிந்து பார்க்க வைத்தார். கார்டுக்குச் சேரவேண்டியதைச் சாக்கிலிருந்து அள்ளிப் போட்டார்.

தொண்டூர் பவுனம்மாள் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள். "அடப்பாவி சாமி! அரிசி கொறையுதே, என் மருமவதான் பச்சையாவே வாயில போட்டுக்கறாள்னு மூணு வாரமா சண்ட போட்டுகினு இருக்கேன். இப்ப அவ மூஞ்சில எப்பிடி முழிப்பேன்? நீயே வந்து சொல்லு!"

வரிசையே சிரித்தது.

"இன்னா வேடிக்கை இங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சனிக்கிழமை வரவேண்டிய இன்ஸ்பெக்டர்! வீராசாமி கண்களை இறுக மூடிக்கொண்டான். காஸ்பர் ரூல்தடியைப் படிமேல் வைத்தார். முதலிலிருந்து ஒன்று விடாமல் சொன்னார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவே இல்லை.

"மேல்மலையனூர் டிப்போல எதால வழிக்கறாங்க?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க சார்."

"எனக்கும் தெரியாது. இத்தினி வருஷமா நான் இதக் கேட்டதே இல்ல. நாளைக்கு அந்தத் தடிய எடுத்துகினு என்கூட வாங்க. உங்க வேலைய நிரந்தரமாக்கி இன்னிக்கே எழுதிடறேன்."

வீராசாமி ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

பவுனம்மாள் விடவில்லை. "வேல இருக்குதா, பூட்ச்சா?"

"இருக்குதும்மா."

"அப்ப மேல்மலையனூர் அப்புறம். மொதல்ல என் மருமவகிட்ட வா. படியையும் எடுத்துக்க, அவ சும்மா சொன்னா நம்ப மாட்டா."