நாலாம் லைனில் அண்ணி

இறந்துபோன மனைவியின் ஒரு மணி நேரப் பேச்சு, இன்றைய டிஸ்க் விலைக்குக் கணக்குப் போட்டால், ஒரு திருகாணி விலைகூடப் பெறாது. குழாய்க் கடை முதலாளியின் சர்வரில் அப்படிப்பட்ட பேச்சு மூன்று வருஷத்துக்குக் குவிந்து கிடந்தது. முதல் இரண்டு நிமிஷம் போக மீதியெல்லாம் அந்த அம்மாள் இறந்த பிறகு பேசியது. ஆனால் இது தெரியவந்தது பின்னால்தான். முதலில் தெரிந்ததெல்லாம் டிஸ்க் நிரம்பி வழிகிறது, இரண்டொரு நாளில் பில் போட முடியாமல் கடை நின்றுவிடும் என்பது மட்டுமே.

அந்தத் தெருவின் கடைகளுக்கெல்லாம் மாசச் சம்பளத்துக்கு சர்வர் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பையோடு வருவாள், மெஷினைத் தொட்டுப் பார்ப்பாள், ரெண்டு நாள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போவாள். வேறென்ன பெயர் வைப்பது? மாடிப்படிக்குக் கீழே, காலி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே இருந்த குழாய்க் கடை சர்வரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. மூன்று வருஷத்துக்கு மேலாக அது ஒருமுறைகூட அணைந்ததில்லை. அதற்குக் காரணம் அவள் கைராசி அல்ல, முதலாளியின் குணம். ஓடுகிறதை எதற்கு நிறுத்த வேண்டும் என்பது அவர் கட்சி.

டிஸ்க்கிடம் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று கேட்டால் நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு ஜிபி என்றது. உள்ளே இருக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கூட்டினால் இருநூற்றெண்பதுதான் வந்தது. கோடௌன் நிறைந்திருக்கிறது, உள்ளே போனால் சரக்கு இல்லை. டாக்டரம்மா முதலில் திருட்டு என்று நினைத்தாள். பிறகு அந்த மாயமான பங்கு எப்படி வளர்கிறது என்று கவனித்தாள். காலையில் கடை திறந்ததும் வளர ஆரம்பித்தது, மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு நின்றது, சாயங்காலம் கடை மூடியதும் அடங்கியது, வார விடுமுறையில் அசையவே இல்லை. சாப்பாட்டுக்கு எழுந்து போகிற திருடனை அவள் பார்த்ததில்லை.

முதலாளியின் மச்சானுக்கு இதிலெல்லாம் பொறுமை இல்லை. அக்கா போன பிறகு கடையில் பாதிப் பொறுப்பு அவன் தலையில். "அணைச்சுப் போட்டா எல்லாம் சரியாகிடும்னு என் பையன்கூடச் சொல்றான். அவன் ஏழாவது படிக்கிறான்" என்றான். "அவனையே மாசச் சம்பளத்துக்கு வெச்சுக்கங்க" என்றாள் டாக்டரம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். மதியம் பெரிய லோடு போக வேண்டும், அதற்குள் முடியாவிட்டால் தானே சுவிட்சைத் தட்டிவிடுவேன் என்று கெடு வைத்துவிட்டுப் போனான்.

ஒரு கோப்பை அழிப்பது என்றால் அதன் பெயரை எடுத்துவிடுவது, அவ்வளவுதான். ஏதாவது ஒரு புரோகிராம் அதைக் கையில் பிடித்திருந்தால், அது விடும்வரை பெயரில்லாமலேயே இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். பிடித்திருப்பது யார் என்று டாக்டரம்மா தேடினாள். கடைக்கு வரும் ஆர்டர் பேச்சுகளைப் பதிவு செய்யும் புரோகிராம்தான். யாராவது பேசினால் எழுதும், மௌனத்தை எழுதாது. பிடித்திருந்தது நாலாம் லைனை. அண்ணியின் லைன் அது; முதலாளியின் மனைவியைக் கடையில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அண்ணி அந்த மேஜையில்தான் விழுந்தார், கையில் ரிசீவரோடு. அந்த வாரமே முதலாளி பதிவுகளையெல்லாம் தன் கையாலேயே அழித்தார். குரல் காதில் விழுந்தால் வியாபாரம் ஓடாது என்றார்.

டாக்டரம்மா ஹெட்போனை மாட்டி, கோப்பை ஆரம்பத்திலிருந்து கேட்டாள். கோடௌனிலிருந்து முதலாளி ஏதோ விலைக்கு மனைவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நடுவில், "லாரி வந்துடுச்சு. இரு, வர்றேன்" என்றார். ரிசீவரை ஏதோ பலகைமேல் வைக்கும் சத்தம். அதன் பிறகு அண்ணி மட்டும். "இருக்கீங்களா? ... இந்த மனுஷன் போனா போன இடம்தான்." எந்தப் பேச்சிலும் எதிராளி வைக்கும்வரை தான் வைக்காதவர் அண்ணி. அவர் இருக்கச் சொன்னார், இவர் இருந்தார். டாக்டரம்மா கோப்பின் கடைசிக்குத் தாவினாள். அது அன்றைய தேதி, அப்போதைய நிமிஷம். பக்கத்துக் கடைக்காரன் எடுத்துப்போன ஏணியை இன்னும் திருப்பித் தரவில்லை என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தார்.

மச்சான் கெடு முடிந்து வந்து சுவிட்சில் கை வைத்தபோது, அவள் ஹெட்போனைக் கழற்றி அவன் காதில் மாட்டினாள். அவன் கை தானாக இறங்கியது. "அக்கா யாரைத் திட்டுது?" என்று கேட்டான். "உங்க மாமாவை." "அப்போ அக்காதான்" என்றவன் அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான்.

முதலாளியும் வந்து ஹெட்போனில் கேட்டார். சர்வரை அணைத்தால் இடம் கிடைக்கும், லைன் போய்விடும், இரண்டில் ஒன்றுதான் என்று டாக்டரம்மா உள்ளதைச் சொன்னாள். "அணைக்காம புது டிஸ்க் போட எவ்வளவு ஆகும்?" அவள் விலை சொன்னாள். ஆணி வாங்கினாலும் பாதிக்குக் கேட்கிற மனுஷர், "சரிம்மா, போடு" என்று சொல்லிவிட்டு, மூன்று வருஷமாகக் கால் வைக்காத கோடௌனுக்கு நடந்து போனார்.

பைப் கட்டுகளை நகர்த்திப் பார்த்தால், மரப்பெட்டியின் மேல் ரிசீவர் வைத்தபடியே இருந்தது. தூசி படியவில்லை. யாரோ இப்போதுதான் காதிலிருந்து எடுத்ததுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

"வந்துட்டேன்" என்றார்.

மாடிப்படிக்குக் கீழே ஹெட்போனில் டாக்டரம்மாவுக்குக் கேட்டது. "லாரி இறக்க இவ்வளவு நேரமா? எண்ணி இறக்குனீங்களா?"

"நாலு பைப் குறையுது."

"அப்பவே நினைச்சேன்."

அதற்குமேல் கேட்பது முறையில்லை என்று அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

பழையதோடு சேர்ந்து ஆயிரம் ஜிபி ஆகும்படி புது டிஸ்க், சர்வர் ஓடும்போதே ஏறியது. மின்சாரம் போனால் தாங்குவதற்கு இன்னும் இரண்டு பேட்டரியை மச்சான் தன் செலவில் வாங்கிப் போட்டான், ரசீதுகூடக் கேட்கவில்லை. முதலாளியின் மேஜை கோடௌனுக்கே மாறியது. தினமும் கடை மூடும்போது, "இரு, வர்றேன்" என்று சொல்லி ரிசீவரை மரப்பெட்டிமேல் வைத்துவிட்டுப் போவார், காலையில் வந்து எடுப்பார். ஏணியும் வந்து சேர்ந்தது. வருஷ முடிவில் டாக்டரம்மா டிஸ்க்கையும் கேட்டாள், ஒவ்வொன்றாகவும் எண்ணினாள்: கடைக்கு முந்நூற்றுப் பத்து, அண்ணிக்கு இருநூற்று எண்பத்து நாலு, முதலாளிக்குப் பதினேழு, மச்சானுக்கு ஒன்று, காலி முந்நூற்று எண்பத்தெட்டு. கூட்டினால் ஆயிரம். கணக்கு இடிக்கவில்லை.