நேரில் பார்த்த முகம்

…நேரில் பார்த்ததுதான் அக்கா என்று சொன்னபோது குரல் துளிகூடப் பிசகவில்லையே, கச்சிராயபாளையம் பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த செந்தமிழ்ச்செல்விக்கு அதுதான் இப்போது உறுத்தியது, தடுமாறியிருந்தால் தேவலை, கலையரசி அக்கா விழுப்புரத்தில் தனியாளாகப் பதிப்பகம் நடத்துகிறவர், ஒரு நொடி தடுமாறினாலும் பிடித்திருப்பார், எல்லாம் அங்கேயே நின்றிருக்கும்… கல்வராயன் மலைக் கதைகளுக்கு ஒரு அட்டைப்படம் போட்டுக் குடு என்று அவர் கேட்டார், கடுக்காய் காயவைக்கிற ஒரு அம்மாவை வரைந்து அனுப்பினாள், வெயிலுக்கு ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தாலிக்கயிற்றில் இரண்டு ஊக்கு தொங்க, அனுப்பிய பத்தாவது நிமிஷம் போன், இன்னா முகம்டி இது, எங்கப் புடிச்ச, போட்டோ எதனா பார்த்துப் போட்டியா, அப்டின்னா சொல்லிடு, எடுத்தவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்… எவ்வளவு சாதாரணமாகக் கேட்டார், அதே சாதாரணமாக ஆமாம் என்று சொல்லியிருக்கலாமே, திட்டுவார் என்று பயமா, இல்லை, அக்கா யாரையும் திட்டி அவள் பார்த்ததில்லை, வெட்கம், வேறொன்றும் இல்லை, கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு மலையை வரைகிறவள் மூன்று வருஷமாக மலையேறவே இல்லை என்பதைச் சொல்ல வெட்கம், போன மாசம் வெள்ளிமலைக்குப் போயிருந்தேன் அக்கா, அங்கதான் பார்த்தேன் என்று ஒரு மாசத்தையும் ஒரு ஊரையும் வேறு சேர்த்துச் சொன்னாளே, அதை யார் கேட்டார்கள்?

கரும்பு ஏற்றிய டிராக்டர் முன்னால் போய்க்கொண்டிருந்ததால் பஸ் ஊர்ந்தது, ஊரட்டும், சேராமலே இருந்தாலும் நல்லது… ஒப்பந்தம் போட்ட அன்றைக்கு என்ன பேச்சுப் பேசினாள், அதற்கு முன்னால் பள்ளிக்கூட நோட்ஸ் போடும் கம்பெனி ஒன்று அவள் வரைந்த தேர்ப் படத்தைக் கையெழுத்தை வெட்டிவிட்டு மூன்று புத்தகத்துக்குப் போட்டுக்கொண்டது, பஸ் ஸ்டாண்டு கடையில் அது தொங்குவதைப் பார்த்தாள், அந்த ஆத்திரத்தோடு அக்காவிடம் படத்தோட உரிமை என்கிட்டதான் இருக்கணும், பேர் போடணும், வேற எதுக்கும் கேக்காம எடுக்கக் கூடாது என்று வரிசையாகச் சொன்னாள், நியாயம்தானே என்று அக்கா அத்தனையும் டைப் அடித்தார், அடியில் ஒரே ஒரு வரி தன் பங்குக்குச் சேர்த்தார், படம் முழுக்க ஓவியரின் சொந்தப் படைப்பு, இதில் பிறருக்கு உரிமை ஏதும் இல்லை, இருந்தால் ஓவியரே பொறுப்பு, அந்த வரியை அவள் படித்தாளா, படித்தாள், படித்துத்தான் கையெழுத்துப் போட்டாள், அன்றைக்கு அது வேறு யாருக்கோ எழுதிய வரி மாதிரி இருந்தது. அந்த அம்மாவின் போட்டோ வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது, யார் எடுத்தது என்று தெரியாது… தெரியாதா? மூலையில் பொடி எழுத்தில் ஏதோ ஸ்டுடியோ என்று இருந்ததே, முகத்தைப் பெரிதாக்கும்போது அதைத் தள்ளிவிட்டது எந்த விரல்?

அந்த ஸ்டுடியோ கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே இருந்தது. அந்த அட்டைப்படம் பத்திப் பேசணும், ஒரு எட்டு வர முடியுங்களா என்று முந்தாநாள் செய்தி அனுப்பிய தெய்வசிகாமணி ஐம்பதைத் தாண்டியவர், பாஸ்போர்ட் போட்டோக்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார், உக்காரும்மா என்று ஸ்டூலைத் தள்ளினார், சத்தம் போடுவார் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்தவளுக்கு அந்த ஸ்டூல்தான் முதல் அடி. புத்தகத்தையும் தன் போட்டோவையும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார், கண்ணும் ஊக்கும் ஒன்றேதான், அதை அவர் காட்டவில்லை, கீழே கடுக்காய் மேல் விழுந்திருந்த கறுப்பில் விரலை வைத்தார், "இது இன்னான்னு நெனச்சுப் போட்டீங்க?" பலாமர நிழல் என்று நினைத்தேன், என்றாள், வேறென்ன சொல்ல, அந்தக் கறுப்பை நிரப்ப ஒரு பகல் முழுக்கச் செலவழித்தாளே. "என் தல நெழலுங்க. முதுகுக்குப் பின்னாடி வெயிலு, எப்டி நின்னாலும் வுழுந்துகினே இருந்திச்சு, சரி இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டேன்." லேசாகச் சிரித்தார், அவளால் முடியவில்லை, இன்னொருவர் தலையை ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வரைந்துவிட்டுத் தன் கையெழுத்தை அதன் பக்கத்திலேயே போட்டிருக்கிறாள்… "ஒரு போன் பண்ணியிருந்தா குடுத்திருப்பேனே, தாராளமா வரைஞ்சுக்கோம்மா, பேரு மட்டும் போடுன்னு சொல்லியிருப்பேன்," என்றார், பிறகு, "அந்தப் பதிப்பகத்து அம்மாவுக்கும் எழுதினேன், இதப் பாருங்க," என்று போனை நீட்டினார். ஐயா, எங்கள் ஓவியர் வெள்ளிமலையில் அந்த அம்மாவை நேரில் பார்த்து வரைந்ததாகச் சொன்னார், அவர் படத்தைப் பிறர் திருடியதால் பட்டவர், அவர் அந்தத் தவறைச் செய்யமாட்டார், முகச் சாயல் தற்செயலாக இருக்கலாம், தயவுசெய்து அவர் மனம் நோகும்படி எதுவும் எழுத வேண்டாம்… இரண்டு தடவை படித்தாள், ஒரு வாரத்துக்கு முந்தைய தேதி, இத்தனை நாளும் அக்கா அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எனக்கு நஷ்ட ஈடெல்லாம் ஒண்ணும் வேணாம்மா," தெய்வசிகாமணி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டார், "நான் பொய் சொல்றவன் இல்லன்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லிடுங்க."

வெளியே வந்து நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள், கள்ளக்குறிச்சி பஸ் வந்து நின்று போயிற்று, வீட்டுக்குப் போய் நிதானமாகப் பேசலாம் என்று ஒரு மனம், போனால் பேசமாட்டாய் என்று இன்னொரு மனம், எண்ணை அழுத்தினாள், இரண்டாவது மணியிலேயே, "சொல்லு செல்வி, நூறு வயசுடி ஒனக்கு, அடுத்த புத்தகத்துக்கும் நீதான் அட்டை, கேட்டியா," எவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்தக் குரல், இப்படியே சரிக்கா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டால்கூட… "அக்கா, அந்த அம்மாவ நான் நேர்ல பார்க்கல. போட்டோ பார்த்துதான் போட்டேன். அவர் சொல்றது நெஜம்." கேள்வி வரும், ஏன்டி என்று வரும், அதற்குத்தான் காத்திருந்தாள், ஏன் என்று கேட்டால் மூன்று வருஷத்தைச் சொல்லலாம், வெட்கத்தைச் சொல்லலாம், அழக்கூடச் செய்யலாம். "சரி," என்றார் கலையரசி. "மீதி இருக்கற புத்தகத்த நிறுத்திடறேன். அவருக்கு மன்னிப்புக் கடிதம் நான் எழுதறேன், அவரு பேரோட வேற அட்டை அடிச்சுக்கலாம்." பொறுப்பு என்துதானே அக்கா, ஒப்பந்தத்துல அப்படித்தானே இருக்கு, என்று அவள் அவசரமாகச் சொன்னாள். "கையெழுத்து உங்களுதுதாங்க. ஆனா புத்தகம் என் பேர்ல வந்துது, அவர நம்பாம எழுதினதும் நான். வெச்சிடட்டுங்களா?"

வைத்துவிட்டார். உங்களுது… பக்கத்தில் யாராவது இருந்திருப்பார்களோ, வேறு யாரிடமோ பேசிக்கொண்டே வாய்தவறி வந்ததோ, ஆறு வருஷத்தில் ஒரு நாளும் அக்கா அவளை நீங்க என்று சொன்னதில்லை, திரும்பக் கூப்பிட்டுக் கேட்கவா, கேட்டு அதே ங்க இன்னொரு தடவை வந்தால்?