வெளியாளுக்கு ஊற்றிய கஞ்சி

கோட்டையில் ஆட்சி மாறி இரண்டு வருடமாகியும் பஞ்சநதம் பண்ணையின் களத்தில் கூலி மாறவில்லை. அரைப்படி நெல் கூடக் கேட்டு, அந்தத் தை மாதம் சேரியே அறுவடைக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டது. பண்ணை சும்மா இருப்பாரா? ராமநாதபுரத்துப் பக்கமிருந்து இரண்டு லாரி ஆள் இறக்கினார்.

சேரி கூடிக் கட்டுப்பாடு போட்டது: வெளியாளுக்குத் தண்ணீர் இல்லை, நெருப்பு இல்லை, நிற்க நிழலும் இல்லை. சங்கத் தலைவன் முருகையன் சொல்லி முடிக்குமுன் கை தூக்கியவள் அவன் மனைவி வேம்பு. சாமி பேரில் சத்தியம் வாங்கலாம் என்று யாரோ சொன்னதற்கு மட்டும் சீறினாள். "அது இருந்தா நம்ம ஏன் இப்படிக் கெடக்குறோம்?"

ஆறாம் நாள் உச்சி வெயிலில் வெளியாள் ஒருத்தி வேம்புவின் வாசலில் வந்து நின்றாள். தோளில் நாலு வயதுப் பெண் குழந்தை காய்ச்சலில் துவண்டு கிடந்தது.

"கொஞ்சம் கஞ்சித்தண்ணி ஊத்துங்க. புள்ள கண்ணத் தொறக்கல."

வேம்பு கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு உள்ளே நிற்க முடியவில்லை. நாலு வருடத்துக்கு முன் தன் மகளை இதேபோல் தூக்கிக்கொண்டு திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடியவள் அவள். வழியில் எட்டு வீட்டில் வண்டி கேட்டாள். ஒருவரும் தரவில்லை. பாதி வழியிலேயே பிள்ளை போய்விட்டது. அன்றைக்குச் சாமியைத் தலைமுழுகினாள்.

கதவைத் திறந்து கஞ்சியை நீட்டியபோது வந்தவள் தயங்கினாள். "நீங்க என்ன ஆளுங்க?"

"கஞ்சி இருக்குற ஆளுங்க. நீ குடுக்குறியா, நான் குடுக்கட்டுமா?"

அப்புறம் இருவரும் மாற்றி மாற்றிச் சுமந்து ஆஸ்பத்திரிக்கு ஆறு மைல் நடந்தார்கள். சேரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளை பிழைத்தது.

அதற்கு நாலாம் நாள் அந்தப் பெண் அரிவாளோடு வயலில் இறங்கினாள். வேம்பு வரப்போரம் போனபோது தலை நிமிரவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனாலும் வேம்புவுக்கு வயிறெரிந்தது. தலைவன் வீட்டிலேயே கஞ்சி ஊற்றியாயிற்று, இனி நமக்கென்ன என்று சேரி ஒவ்வொருவராகப் பழைய கூலிக்கே போய்ச் சேர்ந்தது. கட்டுப்பாடு மட்டும் வீணாகவில்லை, அதைத் தூக்கி வேம்புவின் மேல் போட்டார்கள். அடுப்புக்கு நெருப்புக் கேட்டால் பக்கத்து வீட்டுக் காளியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நம்ம சோத்துல நீயே மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்றான் முருகையன். "எதுக்கு புள்ள அவகூடப் போன?"

"நானா போகல. உள்ளேருந்து புடிச்சுத் தள்ளுச்சு. சாமிதான்."

"இல்லன்னு நீதான சொன்ன?"

"இருக்கு. அன்னிக்கு அந்த எட்டு வீட்லயும் இப்படித்தான் புடிச்சுத் தள்ளியிருக்கும். அவங்க அசையாம உக்காந்துட்டாங்க."

சாமி இல்லை என்றிருந்த நாலு வருடமும் அந்த எட்டு வீட்டுக்காரர்களை அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது ஒவ்வொரு முகமாக வந்து நின்றது.