தலைவர் வாசிக்கும் ஒரே பக்கம்

அந்த நகராட்சி எந்தத் திட்டத்தையும் மதிப்பீடு செய்யாமல் விட்டதில்லை; எந்த மதிப்பீட்டையும் படித்ததும் இல்லை. குடிநீர்த் திட்ட அறிக்கை ஆடுகிற மேசைக்கு முட்டுக்கொடுத்தது. சாலை அறிக்கை, கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டது.

இம்முறை சந்தைக்குப் பின்னாலிருந்த குழந்தைகள் காப்பகம் மாட்டியது. அதை மூடிவிட்டு, பாட்டுக்கேற்ப ஆடும் நீரூற்று வைக்கத் தலைவருக்கு ஆசை.

மதிப்பீட்டு அலுவலர் சந்தையில் விசாரித்தாள்.

"மூடினா எம்புள்ளைய ஐஸ் பெட்டி மேலதான் உக்கார வைக்கணும், மேடம்," என்றாள் மீன்காரி. "இல்லன்னா கடைய மூடணும். காப்பகத்த ராத்திரி எட்டு வரைக்கும் தொறந்து வச்சா சாயங்கால யாவாரத்தையும் பாத்துருவேன்."

காப்பகம் வேண்டும், நேரத்தையும் நீட்டிக்க வேண்டும் என்று அலுவலர் எழுதினாள். தட்டச்சர் உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா தலைவர் தன்னைப் புகழுற நன்றிப் பக்கத்தத் தாண்டி என்னைக்கு வந்திருக்காரு? அத மட்டும் மன்றத்துல சத்தமா வாசிப்பாரு."

அலுவலர் அறிக்கையை அவரிடமே திருப்பி நீட்டினாள். "அண்ணே, அந்தப் பக்கத்த மாத்தி அடிக்கணும்."

"பட்டம் சேக்கணுமா?"

"தாராளமா."

மன்றக் கூட்டத்துக்குச் சந்தைப் பெண்களையும் அலுவலர் வரச் சொல்லியிருந்தாள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"தாய்மாரின் விடிவெள்ளி, கருணைக் கடல், நீரூற்று ஆசையைத் துறந்து, காப்பகத்தை இரவு எட்டு மணிவரை நடத்துவதாக இன்று, இதோ, அறிவிக்கும் நம் தலைவருக்கு..."

'துறந்து' என்ற இடத்தில் குரல் தடுக்கத்தான் செய்தது. ஆனால் கடலில் இறங்கியவர் பாதியில் எப்படிக் கரையேறுவார்? பின்வரிசைப் பெண்கள் கைதட்டினார்கள். தலைவரைப் புகழ்ந்தால் தட்டிப் பழகிய உறுப்பினர்களும் தட்டினார்கள். நிருபர்களின் கேமராக்கள் மின்னின.

தலைவர், குறிப்பெழுதிக்கொண்டிருந்த மன்றச் செயலாளர் பக்கம் குனிந்தார். "என்னய்யா இது? நான் எப்பய்யா அறிவிச்சேன்?"

"இப்பதாங்கய்யா. தீர்மானக் குறிப்புல ஏத்திட்டேன்."

கைதட்டல் ஓயவில்லை. தலைவர் நிமிர்ந்தார். சால்வையைச் சரிசெய்துகொண்டார். "இன்னொரு தடவ வாசிக்கிறேன்," என்றார். இப்போது ஒரு சொல்லும் தடுக்கவில்லை.

மீன்காரி அலுவலரின் காதோரம் சாய்ந்தாள்.

"ஒம்போதுன்னு போட்டிருக்கலாமே, மேடம். அதையும் வாசிச்சிருப்பாரு."