ஒரு கடிதாசி போதும்

ஈப்போ பக்கத்துத் தோட்டத்துத் துரை பங்களாவில் என்னோடு பேச ஆள் கிடையாது. துரைக்கு நான் ‘ஆயா’; வேலை ஏவுவதோடு சரி. சமையல்காரன் ஹைனான் சீனன். அவனுக்கும் எனக்கும் பொதுவாகப் பத்து மலாய் வார்த்தைகள், அதில் ஆறு சாப்பாட்டைப் பற்றியவை. கீழே தோட்டக் கூலிகளின் லயத்துப் பெண்கள் என்னைப் பங்களாக்காரி என்று ஒதுக்கிவிட்டார்கள். புருஷன் செத்து நாலு வருஷம். மலைமேல் அவ்வளவு பெரிய வீட்டில் வாய் இருந்தும் ஊமையாகக் கிடந்தேன்.

1929-இல் துரை ஒரு ரேடியோ வாங்கினார். ஈப்போவில் வெள்ளைக்காரர்கள் சிலர் சங்கம் சேர்ந்து பொழுதுபோக்காக ஒரு ஒலிபரப்பு நடத்தினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அதில் கால்மணி நேரம் தமிழ். சங்கத்தில் கணக்கு எழுதும் கிராணி லூர்துசாமி பேசுவார். துரையும் துரைசாணியும் கிளப்புக்குக் கிளம்பியதும், தூசி துடைக்கிற சாக்கில் நான் பெட்டியைத் திருகுவேன்.

“எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு அவர் கொஞ்சம் நிறுத்துவார். நாம் பதில் சொல்லத்தானே நிறுத்துகிறார்?

“இருக்கேண்ணே. இருமல்தான் விடல.”

“சந்தோசம்” என்பார்.

இருமலுக்கு என்ன சந்தோசம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் அடுத்த வாரமே, “மழை விடாம பேயுது. இருமல் இருக்கவங்க சுக்குத் தண்ணி குடிங்க” என்றார். அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அவர் பேச்சு எனக்குக் கேட்டால் என் பேச்சும் அவருக்குக் கேட்கத்தானே வேண்டும்? இப்போது நீங்கள் சிரிக்கலாம். அன்றைக்கே யாராவது சிரித்திருந்தால் எனக்கு நல்லதாகப் போயிருக்கும்.

ஏழு மாதம் பேசினோம். துரைசாணியின் குணம், புருஷனை அள்ளிக்கொண்டு போன காய்ச்சல், எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாத மனுஷர்.

ஒரு சனிக்கிழமை அவர் குரல் கம்மியிருந்தது. “இந்த ரேடியோ ஸ்டேஷன ஒரு இசைத்தட்டுக் கடைக்காரர் வாங்கப் போறாரு. தமிழ் கேக்க ஆளு இருக்கான்னு கேக்குறாங்க. மாசக் கடைசிக்குள்ள ஒரு கடிதாசி வந்தாலும் போதும், இந்தக் கால்மணி நேரத்த விட்டுவைப்பாங்க.”

“கடிதாசி எதுக்குண்ணே? நான்தான் இருக்கேனே, அவுங்ககிட்ட சொல்லுங்க” என்றேன். கடிதாசி தூரத்துக்காரர்களுக்கு. வாரா வாரம் நேரில் பேசுகிறவள் எதற்கு எழுத வேண்டும்?

மாதக் கடைசியும் வந்தது. அன்று அவர் சௌக்கியம் விசாரிக்கவில்லை.

“ஒரு கடிதாசிகூட வரல. ஆளே இல்லாத ரூம்ல ஏழு மாசமா நான் மட்டும் பேசிக்கிட்டு இருந்திருக்கேன் போல. சரி, வாரேன்.”

“அண்ணே, நான் இருக்கேண்ணே!” என்று பெட்டியில் குரல் வரும் புனலுக்குள் வாயை வைத்துக் கத்தினேன். சமையல்காரன் கரண்டியோடு ஓடி வந்தான். அவனுக்கு என்னவென்று சொல்ல, அந்தப் பத்து வார்த்தைகளில் ஒன்றும் உதவவில்லை.

மறுநாள் விடிந்ததும் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, அங்கே மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் ஆம்புரோஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“அதுக்குக் காது இல்லலா, ராக்காயி. வாய் மட்டுந்தான்.”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அதைவிட, லூர்துசாமியண்ணன் யாருமில்லை என்று நினைத்தே போய்விட்டாரே என்பதுதான் தாங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு கடிதாசி எழுதச் சொன்னேன்: ‘நான் ராக்காயி. எல்லாச் சனிக்கிழமையும் கேட்டேன். சுக்குத் தண்ணியில் இருமல் நின்றுவிட்டது.’ ஆம்புரோஸே உறையில் ஈப்போ விலாசம் எழுதித் தபாலில் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை ஐந்து மணிக்கு இங்கிலீஷ் டான்ஸ் பாட்டு. அதற்கடுத்த வாரமும் அதுதான்.

மூன்றாம் வாரம் என் பெயருக்கு இங்கிலீஷில் அச்சடித்த ஓர் அட்டை வந்தது. ஆம்புரோஸ் அதை இரண்டு தடவை படித்தார்.

“அவுங்க டான்ஸ் பாட்டு ஒனக்குப் பிடிச்சதுல ரொம்ப சந்தோசமாம்.”

“நான் சொன்னதத்தான எழுதுனீங்க, ஐயா?”

“அதேதான், தமிழ்ல எழுதினேன். அங்க தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஆளு லூர்துசாமி ஒருத்தருதான். அவருதான் போயிட்டாரே” என்றார்.

அட்டையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். என் பெயருக்கு வந்த முதல் கடிதாசி அது.