காலர் மட்டும்

குளிர்காலத்தில் நான் சட்டைக்குக் காலரை மட்டும்தான் தேய்ப்பேன். மேலே ஸ்வெட்டர் வந்துவிடும். உள்ளே இருப்பது எனக்கும் என் பனியனுக்கும் மட்டுமே தெரியும். கையையும் முதுகையும் தேய்ப்பது கரண்டுக்குத் தண்டம். மூன்று மாதமாக இப்படித்தான் ஓட்டினேன். ஊரும் என்னை ஒழுங்கான ஆள் என்று நம்பிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு எனக்கு இன்டர்வியூ. பன்னிரண்டு வருடமாகச் சுவரை உடைத்துக் குழாய் பதிக்கிற பிளம்பர் நான், முதல் தடவையாக சூப்பர்வைசர் வேலைக்குப் போகிறேன். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. இது கிடைக்காவிட்டால் இன்னும் பத்து வருடம் குளியலறைத் தரையில் குப்புறப் படுத்தே காலம் தள்ள வேண்டும். மனைவி நர்ஸ், விடிவதற்குள் டியூட்டிக்குப் போய்விடுவாள். நானே எழுந்து, நானே காலரைத் தேய்த்து, பேசினால் வாயில் புகை வரும் குளிரில் கிளம்பினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் வெயில் மண்டையைப் பிளந்தது. யாரைக் கேட்டுக்கொண்டு வந்ததோ. முந்தின நாள் வரை மப்ளருக்கு வெளியே மூக்கைக்கூடக் காட்டாத ஜனங்கள், ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு அரைக்கையோடு திரிந்தார்கள். நான் மட்டும் கம்பளிக்குள் வெந்தேன்.

இன்டர்வியூ எடுக்கிற இன்ஜினியரின் அறையில் ஜன்னல் திறக்காது. குளிருக்குப் பயந்து ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருந்தார்கள். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்க வேலையில என்ன ஸ்பெஷல்?" என்றார்.

இதற்கு ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தேன். "சுவருக்குள்ள போற குழாயை யாரும் பார்க்கப் போறதில்ல சார். ஆனா எல்லாரும் பார்க்கப் போறாங்கன்னு நினைச்சுதான் நான் போடுவேன். கண்ணுக்குத் தெரியாத இடத்துலதான் வேலைக்காரனோட யோக்கியதை தெரியும்."

அவருக்குப் பிடித்துவிட்டது. "நல்லா சொன்னீங்க. என்ன இப்படி வேர்க்குது? ஸ்வெட்டரைக் கழட்டிட்டு உட்காருங்க."

"பரவாயில்ல சார்."

"அட, கழட்டுங்க. பார்க்கற எனக்கே புழுங்குது."

மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு என் சான்றிதழ் மேல் விழுந்தது. கழற்றினேன்.

காலருக்குக் கீழே சட்டை, கசக்கி எறிந்த காகிதமாக இருந்தது. இன்ஜினியர் காலரைப் பார்த்தார். கீழே பார்த்தார். மறுபடி காலரைப் பார்த்தார்.

"குழாயும் இப்படித்தானா?"

குழாய் அப்படியில்லை. சத்தியமாக இல்லை. அதைச் சொல்லியிருக்கலாம். நாக்கு முந்திக்கொண்டது.

"சம்சாரம் தேய்ச்சது சார். எத்தனை தடவை சொன்னாலும் அரைகுறையாத்தான் தேய்ப்பா."

அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "என் வீட்டுலயும் இதே கதைதான்" என்றார். அதற்குப்பின் குழாயைப் பற்றிப் பேச்சே வரவில்லை. திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் மனைவி வந்ததும் வேலை கிடைத்ததைச் சொன்னேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றாள். சட்டை வந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை. அதையும் சொன்னேன். வெட்கமாக இருந்தது.

"ஒன்பது வருஷத்துல உங்க சட்டையை நான் ஒருநாளாவது தேய்ச்சிருக்கேனா?"

"இல்ல."

"அவர் என்ன பண்ணார்?"

"சிரிச்சார்."

"நீங்க?"

"நானும் சிரிச்சேன்."

அவள் என் கையை விட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றப் போனாள்.